ஏலத்தில் எடுத்த முகமூடி

அந்தப் பேண்ட்டு ஒரிஜினல் மிலிட்டரி இல்லைங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. பல்லடத்துல பஸ்ஸு ஏறிப் பக்கத்துல வந்து உக்காந்ததுல இருந்து பாத்துட்டே வர்றேன், சொல்லாம இருக்க முடியலை. இது திருப்பூர் சரக்கு. அச்சு மேலாப்புல நிக்குது பாருங்க, நாலு தண்ணி பாத்துச்சுன்னா பச்சையெல்லாம் சாம்பலாயிரும். ஒரிஜினல் துணி வேற மாதிரிங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவியே சொல்லிருவேன் நான்.

எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? பல்லடத்துல வந்து மிலிட்டரி நாச்சிமுத்துன்னு கேளுங்க, எங்க ஊட்டுக்கே கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. பட்டாளத்துல எல்லாம் இருந்ததில்லைங்க. துப்பாக்கியைக் கிட்டக்கப் பாத்ததுகூட இல்லை. மிலிட்டரிக்காரங்க வேண்டாம்னு கழிச்சுப் போடறதை ஏலத்துல எடுக்கறவன் நான். அதுல வந்த பேருங்க. என்ற ஊட்டுக்காரி கோவம் வந்தாச் சொல்லுவா, 'ஊரு ஒலகம் கழிச்சுப் போட்டதெல்லாம் உன்ற வாசல்லதான் வந்து விழுகுது'ன்னு. அவளும் அப்படி வந்து விழுந்தவதான்னு நான் சொல்லுவேன். ரெண்டு நாளைக்குச் சோறு கிடைக்காது.

மலை மேல மிலிட்டரி கேம்ப்புலதாங்க ஏலம் நடக்கும். டெண்டு, கம்பளி, ஜெரிகேன், பூட்ஸு, சமையல் அண்டா, ஒடைஞ்ச கட்டிலு எல்லாத்தையும் குமிச்சு குமிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு குமி ஒரு லாட்டு. பொறுக்கி எடுக்க முடியாது, எடுத்தா மொத்தமா எடுக்கோணும். அடியில என்ன கெடக்குதுன்னு ஊட்டுக்குக் கொண்டாந்து பிரிச்சாத்தான் தெரியும். அந்தப் பிரிக்கற நேரம் இருக்குதுங்களே தம்பி, கல்யாணத்தன்னிக்குக் கூட எனக்கு அப்படி ஒரு சந்தோசம் இருந்ததில்லை.

ஆனா ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. எனக்கு அதுதான் புடிக்காது. சாமான் கேட்டைத் தாண்டறதுக்கு முன்னால நாசம் பண்ணித்தான் அனுப்புவாங்க. பூட்ஸுன்னா கோடாலியில ஒரு போடு. இரும்புத் தொப்பின்னா ஓட்டை. டெண்டுன்னா நடுவால ஒரே கிழி. ஏனுங்க இப்படின்னு அங்க இருந்த ஒரு பெரிய மீசைக்காரர்கிட்டக் கேட்டேன். 'இதை நம்பி இனி எவனும் உசிரை வெச்சுறக் கூடாது, அதுக்குத்தான்'னு அரைகுறைத் தமிழ்ல சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அரசாங்கம் செஞ்ச சாமானை அரசாங்கமே வெட்டி வீசுது, கேக்க நாதியில்லை. வீண் பண்றதுன்னா எனக்கு ஆகவே ஆகாதுங்க. எங்க ஊட்டு எலையில ஒரு பருக்கை மிஞ்சினாலும் நான் சும்மா விடமாட்டேன்.

கேக்குதுங்களா? இந்த டிரைவர் வேற வண்டியைப் போட்டு ஒறுமறான். சரி, சத்தமாவே சொல்றேன்.

ஏலம் எனக்கு ஆசைக்குத்தாங்க. பொழப்பு லாரி. செப்டிக் டேங்க் லாரி. மூஞ்சியச் சுழிக்காதீங்க தம்பி, எல்லா ஊட்டுலயும் போகுதுல்ல, அதை எடுக்கோணுமில்ல? கோயமுத்தூருல பாதி அப்பார்ட்மெண்ட்டு நம்ம கைதான். பைப்பை உட்டு மெசினு உறிஞ்சிரும். ஆனா அடியில கெட்டிச்சுக் கெடக்கறதை எந்த மெசினும் உறியாது. ஆள் எறங்கிக் கலக்கிவிடோணும். ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதும்பீங்க. இருக்குது. சட்டம் போட்டவன் ஊட்டு டேங்க்கு ரொம்பினா என்ன பண்றான்? என்னைத்தான் கூப்புடறான்.

எறங்கறதுக்குன்னு எங்கிட்ட ரெண்டு பேரு இருந்தாங்க. நாகராசு, ஆறுச்சாமின்னு. நாகராசு எறங்குவான், அவன் இடுப்புல கட்டின கயித்தை ஆறுச்சாமி மேல புடிச்சுட்டு உக்காந்திருப்பான். ஆறுச்சாமியோட அக்காளைத்தான் நாகராசு கட்டியிருந்தான். மயிலான்னு பேரு. நாகராசு தங்கமான பையங்க. எங்க ஊட்டுக்கு வந்தான்னா நான் சொல்லாம வாசப்படி ஏற மாட்டான். நானும் ஒரு நாளும் சொன்னதில்லைங்க. அவ்வளவு மரியாதை எங்களுக்குள்ள.

ஒரே ஒரு கொறைதான் அவங்ககிட்ட. சத்தம். உள்ள எறங்கினான்னா ரெண்டு பேரும் வாய் ஓயாது. மேல இருக்கறவன் 'மாமோவ்'னு கத்துவான், உள்ள இருக்கறவன் 'ஓவ்'னு கத்துவான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி 'மாமோவ்', மறுபடி 'ஓவ்'. அவங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தானாம். உள்ள இருந்து பதில் வரலைன்னா யோசிக்காம கயித்தை இழுத்துறோணும். அதோட விட்டாப் பரவால்லைங்க. மாமன் மச்சானில்ல, கேலி. 'எங்கக்காளுக்குப் பூ வாங்குனியா மாமா'ம்பான் இவன். 'வாங்கி உங்கப்பனுக்கு வெச்சுவிட்டேன் மாப்ளே'ம்பான் அவன் குழிக்குள்ள இருந்து. அப்புறம் பச்சைப் பச்சையா வரும், அதெல்லாம் இங்க சொல்ல முடியாது, லேடீஸ் இருக்காங்க. நான் லாரிகிட்ட நின்னு சிரிச்சிருக்கேன், இல்லைங்கலை. ஆனா அப்பார்ட்மெண்ட்டுக்காரங்க சிரிப்பாங்களா?

ஒண்டிப்புதூரு தாண்டி ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட்டுங்க. செக்ரட்ரி பேங்க்குல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒரு நாள் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போயி, 'நாச்சிமுத்து, உங்க வேலை சுத்தம், ஆனா வாய் சுத்தமில்லை. ஞாயித்துக்கெழமை காலைல பால்கனியில உக்காந்து காப்பி குடிக்க முடியலை. இப்படின்னா வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும்'னாரு. அத்தனை பேரு இருக்கற எடத்துல எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. வந்து ரெண்டு பேரையும் புடிச்சுக் காய்ச்சினேன். வாயை மூடிட்டு வேலை பாக்க மாட்டீங்களாடான்னு. நாகராசு தலையைச் சொறிஞ்சுட்டு, 'மூடிட்டா மேல இருக்கறவனுக்கு நான் இருக்கறனா இல்லையான்னு எப்படிங்க மொதலாளி தெரியும்'ங்கறான். எதுத்துப் பேசறான் பாருங்க.

அந்தச் சமயத்துலதாங்க அந்த லாட்டு வந்துச்சு. மேல பூராக் கிழிஞ்ச டெண்டு. பிரிச்சுப் பாத்தா அடியில ஒரு மரப்பெட்டி. பெட்டி நெறைய முகமூடி. கேஸ் மாஸ்க்குன்னு சொல்லுவாங்களே, அது. கறுப்பு ரப்பரு, ரெண்டு கண்ணாடிக் கண்ணு, மூக்குக்கு எதுத்தாப்புல தும்பிக்கையாட்டக் குழாய், அது நுனியில ஒரு டப்பா. பாக்கறதுக்கே கம்பீரமா இருந்துச்சு. வழக்கம்போல அதையும் நாசம் பண்ணித்தான் வெச்சிருந்தாங்க. குழாயைப் பிளேடு போட்டுக் கிழிச்சு, டப்பாவுல ஆணியடிச்சு. பெட்டி மேல வெள்ளை எழுத்துல இங்கிலீஸ்ல என்னமோ. என்ற புள்ளையக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். 'இது எதுக்கும் ஒதவாதாம்ப்பா, அழிச்சுறோணுமாம்'னா. அழிக்கறதுன்னா அவங்கல்ல அழிக்கோணும்? ஏலத்துல எடுத்தவன் எதுக்கு அழிக்கறது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பஞ்சர் ஒட்டற பையன் ஒருத்தன் இருக்கான். அவனை வெச்சுக் குழாயெல்லாம் டியூப் ஒட்டற மாதிரி ஒட்டினேன். டப்பாவைப் பிரிச்சாப் பழைய மண்ணாட்ட என்னமோ இருந்துச்சு, அதைக் கொட்டிட்டேன். அதுக்குப் பதிலா என்ன போட்டேன்னு நெனைக்கறீங்க? கொட்டாங்குச்சிக் கரி. காங்கேயத்துல சுடறாங்களே, வெளிநாட்டுக்கெல்லாம் தண்ணி சுத்தம் பண்றதுக்குன்னு ஏத்தறாங்களே, அந்தக் கரி. தண்ணியச் சுத்தம் பண்ற கரி காத்தைச் சுத்தம் பண்ணாதா? இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலைங்க, நானா யோசிச்சது. மேலாப்புல கொஞ்சம் சந்தனப் பவுடரு தூவிவிட்டேன். உள்ள போறவனும் மனுசன்தானுங்களே, நாத்தம் தெரிய வேண்டாம்னு. எந்த மொதலாளி இப்படிப் பாத்துப் பண்ணுவான், நீங்களே சொல்லுங்க.

எங்க ஊட்டு வாசல்ல வெச்சு நாகராசுக்கு மாட்டிப் பாத்தேன். ஆறுச்சாமிதான் பின்னால வாரை இழுத்துக் கட்டினான். கொஞ்ச நேரத்துல கண்ணாடி ரெண்டும் ஆவி புடிச்சு வெளுத்துப் போச்சு. கையைக் கையை ஆட்டறான். கழட்டிவிட்டா, 'மூச்சு முட்டுதுங்க மொதலாளி, வாயைத் தொறந்து பேசவே முடியலைங்க'ங்கறான். 'உனக்குப் பேசறதுக்கா கூலி?'ன்னு கேட்டேன். பஞ்சர் பையன் உளுந்து உளுந்து சிரிச்சான். நாகராசும் சிரிச்சான், பாவம். அவனுக்கு நான் எது சொன்னாலும் சிரிப்புத்தான்.

எனக்கு அப்பத்தான் பளிச்சுனு ஒறைச்சுச்சுங்க. பேச முடியாதுன்னா நல்லதுதானே!

அந்தக் கோடைக்கு நம்ம லாரி ஓடின ஓட்டம் இருக்குதே தம்பி! செக்ரட்ரி அசந்துட்டாரு. மாஸ்க்கை மாட்டிட்டு நாகராசு கேட்டுக்குள்ள நடந்து வந்தா பால்கனி பூரா ஆளுங்க, போனைப் புடிச்சுட்டு. கொழந்தைகளை எல்லாம் தூக்கிக் காட்டறாங்க. அவங்க வாட்சப் குரூப்புல அவனோட போட்டோவைப் போட்டுக் கை தட்டற பொம்மையா விட்டிருந்தாங்க. வேலை முடியற மட்டும் ஒரு சத்தம் கெடையாது. உள்ள இருக்கறவன் கத்த முடியாது, அவன் பதில் சொல்ல முடியாதுங்கறப்ப மேல இருக்கறவன் கத்தி என்ன பண்றது? லாரி மேல 'மிலிட்டரி தரப் பாதுகாப்பு'ன்னு பெயிண்டு அடிச்சேன். பீளமேட்டுல இருந்து, சரவணம்பட்டியில இருந்தெல்லாம் கூப்புட ஆரம்பிச்சாங்க. 'அந்த மாஸ்க் ஆளு வருவாரா'ன்னு கேட்டுத்தான் புக் பண்ணுவாங்க. நாகராசுங்கற பேரு எவனுக்கும் தெரியாது. மாஸ்க் ஆளு.

ஆறுச்சாமி மட்டும் அனத்திட்டே இருந்தான். 'மொதலாளி, ஒரு வாட்டி கூப்புட்டுப் பாக்கறனுங்க. பதில் சொல்ல முடியலைன்னாலும் தட்டுவாருங்க, எதாச்சும் பண்ணுவாருங்க'ன்னு. எனக்கு எரிச்சலா வரும். அவங்க ரெண்டு பேருக்கும் சிரிச்சுப் பேசாம வேலை ஓடாது, அதுக்கு ஒரு சாக்கு. அப்படித்தான் நான் நெனைச்சேன்.

சூலூரு தாண்டிட்டமா? இருக்குது, இன்னும் இருக்குது. நான் கோர்ட்டுக்குப் போறேங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன், எங்கயோ போயிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை. அதே ஒண்டிப்புதூரு அப்பார்ட்மெண்ட்டு. மழை பெஞ்சு டேங்க்கு ரொம்பிக் கெடந்துச்சு. மூடியைத் தொறந்து வெச்சு, பைப்பை உட்டு, மேலாப்புல இருந்த தண்ணிய உறிஞ்சி எடுத்தாச்சு, மெசினு ஓடிட்டே இருக்குது. நாகராசு எறங்கினான். எப்பவும் எறங்கறதுக்கு முன்னால குழி வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் மோந்து பாப்பான், உள்ள நல்ல காத்து இருக்குதான்னு தீக்குச்சி பத்த வெச்சுக் காட்டுவான். மாஸ்க் வந்ததுக்கப்பறம் அதெல்லாம் எதுக்குடா, நேரம் ஆகுதுன்னு நான் நிறுத்தச் சொல்லிட்டேன். மிலிட்டரிக்காரன் தீக்குச்சி பத்த வெச்சுட்டா சண்டைக்குப் போறான்?

ஆறுச்சாமி அன்னிக்கு ரொம்பத்தான் பண்ணினான். 'ஒரே ஒரு வாட்டி கூப்புடறனுங்க'ன்னு எந்திரிச்சு நிக்கறான். மேல ரெண்டாவது மாடியில செக்ரட்ரி சம்சாரம் பூஜையில மணி அடிக்கறாங்க, எனக்குக் கேக்குது. 'டேய், கயிறு கையில இருக்குதல்ல? கயிறு ஆடுச்சுன்னா ஆள் வேலை செய்யறான்னு அர்த்தம். வாயைத் தொறந்தே, ரெண்டு பேரும் நாளையில இருந்து வர வேண்டாம்'னு சொல்லிட்டேன். உக்காந்துட்டான்.

கயிறு ஆடிட்டேதாங்க இருந்துச்சு. நல்லா ஆடுச்சு. நானே போயி ஒருக்காத் தொட்டுப் பாத்தேன். விறுவிறுன்னு கைக்குத் தெரியுது. 'பாருடா, உங்க மாமன் எப்படி ஒழைக்கறான்னு. நீ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறே'ன்னு சொன்னேன். மேல இருந்து எனக்குக் காப்பி வந்துச்சு, டபராவுல. அவனுக்குக் காகிதக் கப்புல. செக்ரட்ரி பால்கனியில இருந்து கையைத் தூக்கிக் காட்டினாரு. 'இதுதான் நாச்சிமுத்து வேலை, ஊசி விழுந்தாக் கேக்கும்'னாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு.

காப்பி குடிச்சுட்டு மெசினை ஆப் பண்ணினேன். ஆப் பண்ணதும் கயிறு நின்னு போச்சு.

புரியுதுங்களா தம்பி? கயிறும் பைப்பும் ஒரே ஓட்டையில எறங்கியிருக்குது. உள்ளார ரெண்டும் பின்னிக்கிச்சு. மெசினு ஓடற வரைக்கும் பைப்பு துடிக்குது, பைப்பு துடிச்சாக் கயிறு துடிக்குது. எங்க கையில விறுவிறுன்னு வந்ததெல்லாம் லாரி இஞ்சின். ஆள் எப்பவோ போயிட்டான்.

ஆறுச்சாமி அப்பக் கூப்புட்டான். மாமோவ், மாமோவ்னு. அடேயப்பா, அந்த அப்பார்ட்மெண்ட்டே எந்திரிச்சு நின்னுருச்சு. எத்தனை வாட்டி கூப்புட்டான்னு எனக்குத் தெரியாது. நான் செக்ரட்ரி மூஞ்சியப் பாக்கறதா, இவனை அடக்கறதா?

ரெண்டு பேரும் பைப்போட சேத்து இழுத்து வெளிய போட்டோம். மாஸ்க்கைக் கழட்டுடான்னேன். அதுல தப்பு இருக்குதுங்களா? காத்தாச்சும் போகட்டுமேன்னு. ஆறுச்சாமிக்கு வாரு கழட்ட வரலை, நான்தான் கத்தி எடுத்து அறுத்தேன். மூக்கு, வாய் எல்லாம் கரி. அந்த நாத்தத்துக்கு நடுவுல சந்தனப் பவுடரு வாசம் வேற. மாஸ்க்கைக் கொண்டு போயி லாரி சீட்டுக்கு அடியில வெச்சேன். என்ற சாமானில்லைங்களா? போலீஸ் வர்றதுக்கு முன்னால என்ற தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவன் மூஞ்சியச் சுத்தமாத் தொடைச்சுவிட்டேன். நல்ல துண்டு, புதுசு. அந்த ஆளுக மூஞ்சியத் தொட்டுத் தொடைக்கறதுக்கு எங்க சனத்துல எவனாவது முன்னால வருவானா? நான் செஞ்சேன். இதையெல்லாம் எந்தக் கோர்ட்டுலயும் கேக்க மாட்டேங்கறாங்க.

அப்பார்ட்மெண்ட்டுக்காரங்க அன்னிக்கே கேட்டைச் சாத்திட்டாங்க. போட்டோவெல்லாம் அழிச்சுட்டாங்க. மாஸ்க்கா, எந்த மாஸ்க்குன்னு செக்ரட்ரி கேட்டாரு. எனக்கு அதுவும் வசதியாத்தான் போச்சு. ஆறுச்சாமியத் தனியாக் கூப்புட்டுச் சொன்னேன், 'டேய், நீ மாஸ்க்குன்னு வாயெடுத்தா வாரை இறுக்கிக் கட்டினது யாருன்னு கேப்பாங்க. கட்டினது நீ. கயித்தைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது நீ. பாத்துக்க'ன்னு. பொய் ஒண்ணுமில்லைங்களே? கட்டினது அவன்தான். அன்னிக்கு மூடின வாய்தான், இன்னும் தொறக்கலை.

எழவுக்கு நான் போயிருந்தேன். அந்தச் சந்துக்குள்ள போயி நின்ன மொத ஆளு நான்தான். மயிலா அழுகவே இல்லைங்க. பொணத்துக்குத் தலைமாட்டுல உக்காந்துட்டு, தம்பியைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'நீ கூப்புடலையாடா?' அவ்வளவுதான். ஆறுச்சாமி என்னைப் பாத்தான். பாத்துட்டே நிக்கறான். மறுபடியும் கேக்கறா, 'கூப்புடலையாடா ஆறு?' ஊரே பாத்துட்டிருக்குது. யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லோணுமில்ல? நான்தான் சொன்னேன். 'கூப்புடலை ஆத்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு சத்தம் குடுக்கலை'ன்னு.

உண்மையைத்தானுங்களே சொன்னேன்? அதுல ஒரு எழுத்துப் பொய்யில்லை.

அன்னையில இருந்து அவ தம்பி மூஞ்சியில முழிக்கறதில்லை. ஒரே சந்துதான், எதுத்த எதுத்த வூடு. அவன் வெளிய வந்தா இவ கதவைச் சாத்திக்குவாளாம். நாகராசோட துணிமணியைக் கேட்டு ஆறுச்சாமி ஒருக்கா வந்தானாம், வெளக்குமாத்தைத் தூக்கிட்டாளாம். எனக்குக் கேக்கவே சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா குடும்பத்துக்குள்ள நாம என்ன நொழையறது? எங்க தோட்டத்துல சாணி அள்ளிப் போடற வேலையை அவளுக்குக் குடுத்திருக்கேன். சாயங்காலம் பழைய சோறு மிஞ்சினா அதையும் குடுத்துவிடுவேன். 'சாமியாட்டப் பாத்துக்கறீங்க'ன்னு அவளே சொல்லியிருக்கறா.

கேஸு என்ற மேலயும் ஆறுச்சாமி மேலயும் போட்டிருக்காங்க. என்ற வயசுக்கு வாய்தா வாய்தாவுக்கு இப்படி பஸ்ஸு ஏறி வர வேண்டியிருக்குது. லாரி எழுத்தைக்கூட அழிச்சாச்சு. அந்த மாஸ்க்கா? மீதி இருந்ததைப் பாலக்காட்டுல இதே லாரி வெச்சிருக்கறவன் ஒருத்தன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான். அங்க நல்லா ஓடுதாம். அப்படியே போட்டு வெச்சா வீணாத்தானுங்களே போகும்?

இன்னிக்கு மயிலா சாட்சி சொல்ற நாளு. வக்கீலு தெளிவாச் சொல்லிட்டாரு. புருசனைப் பறிகுடுத்தவ, அவ வாயால, 'என்ற தம்பிதான் கவனிக்கலை, மேல உக்காந்துட்டுக் கூப்புடாம விட்டுட்டான்'னு சொன்னாப் போதும், என்ற பேரு கழண்டுக்கும். அவன் உள்ள போவான். போகட்டும், அவனுக்கும் மனசுல இருக்கற பாரம் கொறையும். அவளுக்கு நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. சொல்லிக் குடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அவளே அப்படித்தான் நெனைச்சுட்டிருக்கறா. காலையில மொத பஸ்ஸுக்கே ஏத்திவிடச் சொல்லி ஆளை அனுப்பிட்டேன். இந்நேரம் வக்கீல் குமாஸ்தாகூட உக்காந்திருப்பா.

என்ன கேட்டீங்க? ஆமாங்க தம்பி, கூப்புடாதேன்னு சொன்னது நான்தான். நல்லாச் சத்தமாத்தான் சொன்னேன், யாரு இல்லைன்னா? ஆனா அவனுக்கு எங்க போச்சு புத்தி? சொந்த அக்கா புருசன் உள்ள இருக்கறான். நான் வேண்டாம்னா கேட்டுட்டு உக்காந்துக்கறதா? நான் சொன்னதை மீறி ஒரு கொரலு குடுத்திருந்தா அவனை நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்? வேலையை விட்டுத்தானே நிறுத்தியிருப்பேன்? உங்களாட்டப் படிச்ச ஆளுக எல்லாம் இதை மட்டும் புடிச்சுக்கறீங்க. கூப்புடாம இருந்தது அவன் தப்பு. சொன்னது சும்மா சொன்னதுதானே.

யாரும்மா அது, தோளைப் புடிச்சு இழுக்கறது? சிங்காநல்லூரு இன்னும் வரலை, பொறு. எறங்கறதுன்னா அந்தப் பக்கம்…

மயிலா!

நீ எங்க இங்க? மொத பஸ்ஸுக்குப் போகலையா? குமாஸ்தா அங்க காத்துட்டிருப்பாரே. எப்ப ஏறினே? பல்லடத்துலயேவா? எங்க உக்காந்திருந்தே, இந்தப் பின்சீட்டுலயா?

ஏன் இப்படிப் பாக்கறே? உக்காரு ஆத்தா. வண்டி ஆடுது, விழுந்துருவே. தம்பி எந்திரிச்சு எடம் குடுப்பாரு. உக்காரு முதல்ல.

என்னது? என்ன கேக்கறே? நானா? நான் எப்பச் சொன்னேன் கூப்புடாதேன்னு? உனக்குச் சரியாக் காதுல விழுந்திருக்காது. வண்டிச் சத்தம். இது வேற ஒரு கதை, ஊருல நடந்தது, தம்பிக்குப் பொழுது போறதுக்குச் சொல்லிட்டு வந்தேன். கத்தாதே ஆத்தா, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கோர்ட்டுக்குப் போற நேரத்துல மனசைக் கொழப்பிக்காதே. உன் புருசன் மூஞ்சிய என்ற துண்டாலதான் தொடைச்சேன், மறந்துட்டியா?

போனை எடுக்காதே. யாருக்குப் போடறே? ஆறுச்சாமிக்கா? அவன்கூடத்தான் நீ பேசறதே இல்லையே. வெய்யி, கீழ வெய்யி. சொன்னாக் கேளு. ஏம்மா, நான் இங்க இருக்கறப்பவே அவன்கிட்ட என்ன சொல்றே? எதுக்கு அழுகறே இப்ப? எழவுல கூட அழுகலையே நீ.

தம்பி, நீங்க சொல்லுங்க. அவ போனைக் கீழ வெக்கச் சொல்லுங்க. பல்லடத்துல இருந்து பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டுத்தானே வர்றீங்க? நான் அப்படியா சொன்னேன்? இல்லைன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லுங்க போதும், அவ நம்பிக்குவா. ஏனுங்க தம்பி? இவ்வளவு நேரம் நல்லாத்தானே கேட்டுட்டு வந்தீங்க? என்னை எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? பேசுங்க தம்பி. வாயைத் தொறந்து எதாச்சும் பேசுங்க.